எதிரணியில் அறிவுமதி

கடலூர் முதுநகரில் மீன் மார்க்கெட்டுக்குப் போகிற தெருவில் அறிவுமதிக்கு ஒரு கடை இருக்கிறது. எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்த்துக் கொடுப்பாள். பாலிடெக்னிக் படித்தவள், வயது நாற்பத்திரண்டு. மீன் விற்கிறவர்கள் தராசு குறைத்துக் காட்டுகிறது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அதே தராசைப் பார்த்து, கூட்டிக் காட்டுகிறது என்று வாங்குகிறவர்கள் சண்டை போட்டிருப்பார்கள். இரண்டு பேரும் மனதறிந்து பொய் சொல்கிறவர்கள் இல்லை என்று அவள் அடிக்கடி சொல்வாள். அவரவர்க்கு வேண்டியபடிதான் அவரவர் கண்ணுக்கு முள் தெரியும் என்பாள், தராசில் முள் போய் நம்பர் வந்து இருபது வருடம் ஆன பிறகும்.

ஆனால் மாவட்டத்தில் அவளைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவள் தராசு வேலை செய்கிறவள் என்பது தெரியாது. பட்டிமன்றத்தில் பேசுகிற அறிவுமதி என்றுதான் தெரியும். சிதம்பரத்தில் தில்லைநாதன் என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரு பட்டிமன்றக் குழு வைத்திருக்கிறார். எல்லா மேடையிலும் அவர்தான் நடுவர். அந்தக் குழுவில் பதினான்கு வருடமாக அவள் மூன்றாவது பேச்சாளர். மேடை ஏறியவர்களுக்கு அதன் அர்த்தம் புரியும். முதல் இரண்டு பேர் நல்ல நல்ல விஷயங்களை எல்லாம் சொல்லி முடித்து, கூட்டம் வீட்டு நினைப்பில் நெளிய ஆரம்பிக்கும்போது மைக் கைக்கு வரும். அந்த நெளிகிற கூட்டத்தையும் ஐந்து நிமிடம் சிரிக்க வைத்து உட்கார வைக்க அவளால் முடிந்தது. அதனாலேயே அவளை மூன்றாவதாகவே வைத்திருந்தார்கள்.

போன தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், தில்லைநாதன் போன் செய்தார். சிதம்பரத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு விழா. தலைப்பு ஏற்கெனவே முடிவானதுதான்: கடவுள் இல்லை என்ற முடிவுக்கு மனிதர்கள் வந்து சேர்வது அறிவாலா, மனச்சாய்வாலா? அறிவுமதிக்கு வழக்கம்போல அறிவு அணியில் மூன்றாவது இடம். ஆனால் மனச்சாய்வு அணியின் தலைவர் அறிவழகன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

“நீ அந்தப் பக்கம் தலைவரா நிக்கிறியாம்மா?” என்று கேட்டார் தில்லைநாதன்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் அறிவுமதி சரி என்று சொல்லிவிட்டாள். பதினான்கு வருடம் காத்திருந்த வாய் அது, யோசிக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஒரு தராசின் அடித்தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் உறைத்தது. அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?

அவள் அப்பா சின்னதம்பிக்கு எழுபத்து நான்கு வயது. உப்பனாற்றுக்கு அக்கரையில் மீனவக் குடியில் பிறந்தவர். துறைமுகத்தில் ஐஸ் பார்களைத் தூக்கி முதுகு கூன் விழுந்தவர். கறுப்புச் சட்டை தவிர வேறு சட்டை அவரிடம் கிடையாது. மகளுக்கு அறிவுமதி என்று பெயர் வைத்ததே அவர் எந்த வழியில் நடக்கிறார் என்று ஊருக்குக் காட்டத்தான். அவர் எப்படி நாத்திகர் ஆனார் என்பதை அறிவுமதி நூறு தடவையாவது கேட்டிருப்பாள். இருபத்திரண்டு வயதில் வேலை முடிந்ததும் நேராக நூலகத்துக்குப் போவாராம். இரண்டு வருடம் படித்தாராம். படித்துப் படித்து, யோசித்து யோசித்து, ஒருநாள் சாயங்காலம் புத்தகத்தை மூடினாராம், முடிந்தது. கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் அவர் இதைச் சொல்லுவார். மகள் பேசுகிற பட்டிமன்றம் எங்கே நடந்தாலும் பஸ் பிடித்துப் போய் முதல் வரிசையில் உட்காருவார்.

அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னாள். பேசுவதுதானே, தொழில் மாதிரி பேசிவிட்டு வா என்றார் அவர். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

தராசைத் திறந்து பார்க்காமல் இதுதான் கோளாறு என்று ஒருநாளும் சொல்லாதவள் அறிவுமதி. பேச்சுக்கும் அப்படியே செய்தாள். சாமி இல்லை என்று சொல்கிறவர்கள் சிலரை நேரில் போய்க் கேட்பது என்று முடிவு செய்தாள். மீன் வண்டி ஓட்டுகிற அவள் கணவன் கதிரவன், சிதம்பரம் பக்கம் லோடு எடுத்துக்கொண்டு போகும்போது அவளையும் ஏற்றிக்கொண்டான்.

முதலில் தமிழ்வேந்தன் வீட்டுக்குப் போனாள். வங்கியில் வேலை பார்த்தவர். ஒரு மணி நேரம் அருமையாகப் பேசினார். எந்தெந்தப் புத்தகம், எந்தெந்த வருடம் படித்தார் என்று வரிசையாக ஒப்பித்தார். எல்லாம் அறிவின் வழியில் வந்த முடிவு என்றார். அவர் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

“தேர் அன்னைக்கு இவுங்க அப்பாவுக்கு மட்டும் மால போடாம விட்டுட்டாங்க. அதயும் சொல்லுங்க” என்றாள்.

தமிழ்வேந்தன் டீயை ஆற்ற ஆரம்பித்தார். அதற்குப் பிறகு புத்தகத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்தவள் பொன்னி, அறிவுமதியோடு பள்ளியில் படித்தவள், இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் எதையும் மறைக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். இருபத்து மூன்று வயதில் ஒருவனைக் காதலித்தாள். அவன் சாமி இல்லை என்பான். அவன் சொன்னதெல்லாம் அவளுக்கு அப்போது சரியாகத்தான் பட்டது. பிறகு அவன் துபாய் போய் வேறு யாரையோ கட்டிக்கொண்டான். “அவன் போயிட்டான். அவன் சொன்னது மட்டும் எங்கிட்ட தங்கிருச்சி” என்றாள்.

அறிவுமதிக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒவ்வொருவரும் அவள் அணிக்குச் சாட்சி சொல்கிறார்கள். வண்டியில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். எழுதும்போதே ஒன்று தோன்றியது. தமிழ்வேந்தன் ஒரு மணி நேரம் பேசியதில் அவள் நோட்டில் ஏறியது அவர் மனைவி சொன்ன ஒரு வரிதான். தனக்கு வேண்டியதை மட்டும் தன் காது பொறுக்குகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அவர் சொன்ன புத்தகங்களின் பெயரையும் சேர்த்துத் திரும்ப எழுதினாள்.

கிள்ளையில் ஜெயசீலனைப் பார்த்தாள். சுற்றுலா வருகிறவர்களைச் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறவர். துடுப்பைக் கரையில் சாய்த்து வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பேசியது இரண்டே நிமிடம்.

“சுனாமில எங்க அக்கா மவ போயிட்டா, ஆறு வயசு. அன்னைக்கு விட்டதுதான் சாமிய. யோசிச்செல்லாம் விடல. கோவம். ரெண்டு மூணு வருசத்துல கோவம் ஆறிப்போச்சி. சரி, கோவம் போயிருச்சே, சாமி திரும்பி வருதான்னு பாத்தேன். வரல. அவ்ளோதாம்மா.”

இதை எந்த அணிக்கு எழுதுவது என்று அறிவுமதிக்குத் தெரியவில்லை. மேடையில் சொல்லலாமா என்று மட்டும் கேட்டாள். பெயரோடேயே சொல்லு என்றார்.

நான்காவதாக அவள் பரங்கிப்பேட்டைக்குப் போனது பட்டிமன்றத்துக்காக இல்லை. அங்கே அவள் அப்பாவின் பெரியப்பா மகள் சின்னப்பிள்ளை இருந்தாள். கருவாட்டு வியாபாரம். வழியில் இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தாள். என்ன விஷயமாக அலைகிறாய் என்று சின்னப்பிள்ளை கேட்டாள். தலைப்பைச் சொன்னதும் அவள் கருவாட்டுக் கூடையிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏன், ஒங்கப்பன் கதையச் சொல்ல வேண்டியதுதான?”

“நூலகத்துக் கதைதான அத்த? அது அடுத்த அணிக்கு ஆவும்.”

“எந்த நூலகம்? செடல் கதைய ஒனக்குச் சொல்லவே இல்லியா அவன்?”

இல்லை என்றாள் அறிவுமதி. அப்புறம்தான் அது வெளியே வந்தது. சின்னதம்பிக்கு இருபது வயதில் அவர் அம்மாவுக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. மகன் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு ஆடி மாதம் செடல் போட்டுக்கொண்டார். முதுகில் கொக்கி குத்திக்கொண்டு மரத்தில் தொங்கிச் சுற்றினார். பார்வை வரவில்லை. மறு வருடமும் மாலை போட்டு விரதம் இருந்தார். திருவிழா அன்று ஊர்ப் பெரியவர்கள் அவர் முறையை எடுத்து வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒருவர் கூட்டத்துக்கு நடுவே சொன்னார், உன் பக்தி சுத்தமில்லை, அதனால்தான் உன் அம்மாவுக்குக் கண் வரவில்லை என்று. சின்னதம்பி மாலையைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு, பரங்கிப்பேட்டை வரை நடந்தே வந்தார். மூன்று நாள் இந்த வீட்டில் படுத்து அழுதார். நான்காம் நாள், இனி எவன் முன்னாலும் எது முன்னாலும் கும்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

திரும்பி வருகிற வழியில் அறிவுமதி நோட்டைத் திறக்கவே இல்லை. அப்பா அவளிடம் பொய் சொன்னாரே என்பதில் அவளுக்கு வருத்தம் அவ்வளவாக இல்லை. இருபத்தோரு வயதில் அவர் அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்றதை நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை.

அப்பாவிடம் மறைக்கக்கூடாது என்று அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டாள். சின்னதம்பியின் முகம் இறுகிப் போனது.

“அவ எதுக்கு இதல்லாம் ஒங்கிட்ட சொன்னா?”

“நான் மேடைல சொல்ல மாட்டேன் ப்பா. நீ சொல்லுன்னு சொன்னாலொழிய வாயத் தொறக்க மாட்டேன்.”

அவர் உள்ளே போய்விட்டார். அடுத்த இரண்டு நாள் போனையும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, சிதம்பரத்துக்கு நான் வரவில்லை, உடம்பு சரியில்லை என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அறிவுமதியின் வீட்டில் இன்னொருத்தி இருந்தாள், கதிரவனின் அம்மா ராமாமிர்தம். சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நெல் விவசாயம் பார்த்த குடும்பம். மகன் மீனவர் வீட்டுப் பெண்ணை, அதுவும் கறுப்புச் சட்டைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டபோது அவள் வைத்தது ஒரே நிபந்தனைதான். வீட்டில் அவள் ஏற்றுகிற விளக்கை யாரும் அணைக்கக்கூடாது. பதினெட்டு வருடமாக அறிவுமதி அந்த விளக்குக்கு எண்ணெய்கூட வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள், ஒருநாளும் கும்பிட்டதில்லை. இருவருக்கும் இதில் சண்டை வந்ததே இல்லை. மருமகள் நாலு நாளாகச் சோறு சரியாகச் சாப்பிடாததைப் பார்த்து ராமாமிர்தம் விசாரித்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“ஒங்கப்பாவாச்சும் கோவப்பட்டு விட்டாரு. கையில இருந்தத விட்டாரு. நீ என்னாத்த விட்ட? நீதான் எதையும் புடிச்சதே இல்லியே.”

ராமாமிர்தம் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அவள் சுபாவம் அப்படி. ஆனால் பதினான்கு வருட மேடையில் எந்த எதிரணிப் பேச்சாளரும் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. சாமி இல்லை என்று அவள் எப்போது முடிவு செய்தாள்? யோசித்துப் பார்த்தாள். பள்ளியில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாழ்த்துப் பாட்டுப் பாடும்போது அவள் திறந்த கண்ணோடு நின்றது ஞாபகம் வந்தது. அப்போது வயது ஆறு. ஆறு வயதில் என்ன ஆராய்ச்சி? அப்பா சொன்னார், அவள் நின்றாள். பக்கத்தில் நின்று பாடிய பிள்ளைகளும் அவரவர் அம்மா அப்பா சொன்னதைத்தான் செய்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் அவளே கேட்டாள், சிதம்பரம் கோயிலுக்குப் போகலாமா அத்தை என்று. ராமாமிர்தம் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

அறிவுமதி சிதம்பரத்தில் எத்தனையோ மேடை ஏறியிருக்கிறாள், கோயிலுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஓரமாய் நின்று வேடிக்கை பார்க்கக்கூடாது என்று முன்கூட்டியே தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ராமாமிர்தம் நின்ற இடத்தில் நின்றாள், நடந்த வழியில் நடந்தாள். தீபாராதனை நேரத்தில் மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. கல் தரை பாதத்துக்குக் கீழே அதிர்ந்தது. அறிவுமதிக்கு உடம்பு சிலிர்த்தது, கண் கலங்கியது. அதை அவள் துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. பக்கத்தில் ராமாமிர்தத்தின் முகம், சமையலறையில் பதினெட்டு வருடம் பார்த்த முகமாகவே இல்லை. அவ்வளவு லேசாக இருந்தது.

வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது ராமாமிர்தம் கேட்டாள், என்ன தோன்றியது என்று.

“நல்லா இருந்துச்சி அத்த. சிலிர்த்துச்சி. போன வருசம் புயல் அன்னைக்கு எல்லாப் போட்டும் ஒண்ணுகூட பாக்கியில்லாம கரைக்கு வந்துச்சி பாருங்க, அப்பவும் இப்படித்தான் சிலிர்த்துச்சி. ஆனா அங்க யாரோ இருக்காங்கன்னு எனக்குத் தோணல.”

“எனக்குத் தோணுது” என்றாள் ராமாமிர்தம். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “சரி. வந்து பாத்துட்டுதான சொல்ற” என்றாள்.

அதற்குப் பிறகு இருந்த மூன்று நாளும் கடையை மத்தியானத்தோடு சாத்திவிட்டு அறிவுமதி உட்கார்ந்து எழுதினாள். பேச்சு எழுதவில்லை. கடவுள் உண்டு என்று சொல்கிறவர்கள் சொல்வதில் வலுவானது எதுவோ அதையெல்லாம் எழுதினாள். கேலி செய்வதற்கு வசதியானதை விட்டுவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் கீழே தன் பதிலை எழுதினாள். பதில் நொண்டினால் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். இரண்டு கேள்விகளுக்கு எவ்வளவு எழுதியும் திருப்தியான பதில் வரவில்லை. அவற்றைத் தெரியவில்லை என்று எழுதி அப்படியே விட்டாள். எல்லாம் முடிந்த பிறகும் அவள் இருந்த இடத்தில்தான் இருந்தாள். சாமி இல்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. ஆனால் இந்தத் தடவை அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதில் சொந்தமாக ஒரு வீடு கட்டிக் குடி போன மாதிரி இருந்தது. கடையைப் பூட்டும்போது அவளையறியாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

விழா அன்று சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் மண்டபம் நிறைந்துவிட்டது. தலைப்பு அப்படி. நெற்றி நிறைய விபூதியோடு வந்தவர்கள் ஒரு பக்கம், கறுப்புச் சட்டைகள் ஒரு பக்கம். எதிரணித் தலைவர் கார்த்திகேசன் சிதம்பரம் நீதிமன்றத்தில் வக்கீல், பேச ஆரம்பித்தால் மின்விசிறிச் சத்தம்கூடக் காதில் விழாது. அறிவே காரணம் என்று ஒவ்வொரு படியாக அடுக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் அவர் கையை அறிவுமதி பக்கம் நீட்டினார். அம்மையாரின் தந்தை சின்னதம்பி ஐயாவை இந்த மாவட்டத்தில் அறியாதவர் யார் என்று கேட்டார். பகலெல்லாம் ஐஸ் தூக்கிவிட்டு, இரண்டு வருடம் நூலகத்தில் உட்கார்ந்து படித்து முடிவுக்கு வந்த உழைப்பாளி. அதுவா மனச்சாய்வு? மகளே சொல்லட்டும் என்று முடித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அறிவுமதி எழுந்தாள். மைக்கைப் பிடித்தபோதுதான் கடைசி வரிசைக்கும் பின்னால், கதவோரம், ஒரு கறுப்புச் சட்டை நிற்பதைப் பார்த்தாள். அப்பாதான், கதிரவனின் வண்டியில் ஏறி வந்திருக்கிறார். பக்கத்தில் ராமாமிர்தம் நின்றாள்.

ஒரே வாக்கியத்தில் அவளால் கார்த்திகேசனை உட்கார வைத்திருக்க முடியும். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

“எங்கப்பாவப் பத்தி எங்கப்பாதான் சொல்லணும். நான் என்னப் பத்தித்தான் சொல்ல முடியும்” என்று ஆரம்பித்தாள்.

நாத்திகம் தனக்குப் பெயரோடு சேர்ந்து வந்தது என்றாள். நாற்பத்திரண்டு வருடம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றாள். பக்திமான் வீட்டில் பிறந்திருந்தால் இந்நேரம் பால்குடம் எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் போயிருப்பேன், குரலும் கணீரென்று இருக்கிறது என்றாள். மண்டபம் சிரித்தது, இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. பெயர் சொல்லாமல் மாலை கிடைக்காத கதையைச் சொன்னாள், தோழியின் காதல் கதையைச் சொன்னாள். ஜெயசீலன் சொன்னதை அவர் பெயரோடு, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னாள். மணி அடித்தபோது அவள் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மற்றவர்கள் பேசி முடித்தார்கள். தலைவர்கள் நிறைவுரைக்கு வந்தார்கள். கார்த்திகேசன் எழுந்து, அம்மையார் தன் தந்தை விஷயத்தில் மௌனம் காத்தார், மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

“வக்கீல் தம்பி” என்று கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. துறைமுகத்தில் படகுக்குப் படகு கூப்பிட்ட குரல், மைக் தேவைப்படவில்லை. “என்னய சாட்சிக்கு இழுக்காதீங்க. நான் கோவத்துலதான் சாமிய விட்டேன். எங்கம்மாவுக்காகச் செடல் போட்டவன் நான். ஒன் பக்தி பத்தாதுன்னு ஊருக்கு நடுவுல வெச்சிச் சொன்னாங்க. அதுல விட்டதுதான். நூலகத்துக்குப் போனது ஒரு வருசம் கழிச்சி.”

மண்டபத்தில் எல்லாத் தலையும் திரும்பியிருந்தது. சின்னதம்பி ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்.

“ஆனா போனேன்ல?”

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கைதட்டியது. விபூதிக்காரர் ஒருவர் எழுந்து நின்று தட்டினார். கார்த்திகேசன் கெட்டிக்காரர், கைதட்டல் ஓயும் முன்பே பிடித்துக்கொண்டார். அந்தப் ‘போனேன்ல’தான் அறிவு, எங்கள் அணி வென்றது என்று சொல்லி உட்கார்ந்தார்.

அறிவுமதி எழுந்து தண்ணீர் குடித்தாள். பிறகு அவள் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அன்று வந்தவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான்.

“போனது அறிவுதான், ஒத்துக்கிறேன். ஆனா நடுவர் அவர்களே, தலைப்பு வந்து சேர்றதப் பத்தி. வந்து சேந்தது கோவத்துல. ஜெயசீலன் வந்தது கோவத்துல, என் தோழி வந்தது காதல்ல, நான் வந்தது எங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டு. இதச் சொல்றதால எங்களுக்கு அவமானம் இல்ல. கோவத்துல ஒருத்தர் சொல்லிட்டாருங்கறதுக்காகச் சொன்னது பொய்யாயிடாது. பழக்கத்துல ஒருத்தர் கும்புடுறாருங்கறதுக்காக அதுவும் பொய்யாயிடாது. எந்த வண்டியில வந்தோம்னு பாத்து ஊர மதிக்க முடியாது. வந்தப்புறம் எறங்கி நடந்து பாத்தமா, வண்டியிலயே உக்காந்துட்டமா, அதத்தான் கேக்கணும். நான் போன வாரம்தான் எறங்குனேன். எறங்க வெச்சது எங்க மாமியாரு. அவுங்க தெனம் வெளக்கேத்துறவங்க.”

தில்லைநாதன் தீர்ப்புச் சொல்ல எழுந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தங்க வைப்பது அறிவாக இருக்கலாம், கொண்டுவந்து சேர்ப்பது பெரிதும் மனச்சாய்வே என்றார். அறிவுமதி அணிக்கு வெற்றி. தலைவராக நின்ற முதல் மேடையிலேயே வெற்றி. கார்த்திகேசன் முதல் ஆளாக வந்து கைகூப்பினார். இதை முன்பே சொல்லியிருந்தால் நான் உங்கள் அப்பாவை இழுத்திருக்கவே மாட்டேனே என்றார். சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு நன்றாகத் தோற்றிருக்க மாட்டீர்கள் சார் என்றாள் அறிவுமதி.

போர்த்திய பொன்னாடையோடு அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கதவோரம் போனாள். சின்னதம்பியைச் சுற்றி நாலைந்து பேர் நின்று கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்து மூன்று வருடம் மறைத்த விஷயத்தைச் சொன்ன மனிதர், சுமை இறக்கின தோளோடு சிரித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும், நீ சொல்லியிருக்கலாம் என்றார். நீ சொன்னதுதான் நன்றாக இருந்தது என்றாள் அவள். வண்டியின் முன் சீட்டில் நான்கு பேரும் நெருக்கி உட்கார்ந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முதுநகர் வந்து சேர்ந்தார்கள்.

அதற்குப் பிறகு அறிவுமதி மூன்றாவது பேச்சாளராகப் போகவில்லை. பண்ருட்டி, விருத்தாசலம், நெய்வேலி என்று அடுத்த மூன்று மாதத்தில் ஆறு மேடைகளில் தலைவராக நின்றாள். நாலில் ஜெயித்தாள், இரண்டில் தோற்றாள். எந்த அணி வேண்டும் என்று தில்லைநாதன் கேட்டால், எனக்கு எது பிடிக்கவில்லையோ அதைக் கொடுங்கள் சார் என்பாள்.

சித்திரையில் ராமாமிர்தத்தின் ஊரில் அம்மன் கோயில் திருவிழா வந்தது. விழாக் குழுவைப் போய்ப் பார்த்து, மூன்றாம் நாள் பட்டிமன்றம் வைக்க வேண்டும், என் மருமகள் தலைவராக நிற்க வேண்டும் என்று கேட்டவள் ராமாமிர்தம்தான். சாமி இல்லை என்கிறவளைக் கோயில் மேடையில் ஏற்றுவதா என்று ஒருவர் தயங்கினார். கோயிலுக்குள் வந்து நின்று பார்த்துவிட்டுத்தான் அவள் சொன்னாள், இங்கே இருக்கிற எத்தனை பேர் அப்படி நின்று பார்த்திருக்கிறீர்கள் என்று ராமாமிர்தம் திருப்பிக் கேட்டாளாம். அங்கேயே முடிவாகிவிட்டது.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். மேலே அம்மன், கீழே பூ மாலைகளுக்கு நடுவே அறிவுமதியின் படம், பக்கத்தில் அவள் பெயரும் ‘அணித்தலைவர்’ என்பதும் கொட்டை எழுத்தில். மீன் வண்டியில் அந்த வழியாக வந்த கதிரவன் மாமனாருக்குக் காட்டுவதற்காக நிறுத்தினான். சின்னதம்பி இறங்கினார். சுவரொட்டியை மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தார். அம்மனையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். பிறகு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரம் போய் நிமிர்ந்து நின்றார்.

“ஒரு போட்டோ எடு மாப்ள” என்றார். “சாமியும் தெரியணும், பேரும் தெரியணும்.”